நாற்பத்து நான்கா, நாற்பத்தைந்தா?

திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் பங்கு அலுவலகத்தில் எப்போதும் சந்தடிதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்போர் ஷிப்டு முடிந்த கையோடு, சீருடையைக் கூட மாற்றாமல், திருப்பலிக் கருத்துகளைக் கொடுக்க வருவார்கள். பெரும்பாலும் இறந்துபோன தாய் தந்தையருக்காக, சுகப்பிரசவத்திற்காக, வேலை நிரந்தரமாவதற்காக. உபதேசியார் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். அப்படியொரு மாலையில் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்திருக்கும் இளைஞர் ஒருவர் வந்து நின்றார்.

“இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலத்துக்கு ஒரு பூசை வைக்கணும் சாமி” என்றார்.

“யாருக்கு?” என்று பேனாவைத் திறந்தார் உபதேசியார்.

“நாப்பத்து நாலு பேருக்கு.”

உபதேசியாரின் பேனா நின்றது. நமக்குப் புரிந்துவிட்டது. “வெண்மணியா தம்பி?” என்றோம். தலையசைத்தார். அவருடைய பாட்டியின் ஊர் அதற்குப் பக்கத்து ஊராம். இறந்தோர் யாரும் திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லரே, அவர்களுக்குப் பூசை வைக்கலாமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901-ஆம் எண்ணின்படி உயிரோடிருப்போர், இறந்தோர் யாருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்று விளக்கினோம். காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நாளிதழ்களை ஒரு வரி விடாமல் வாசிக்கும் பழக்கமுடைய நம் உபதேசியார், “அன்னைக்குச் செத்தது நாப்பத்தஞ்சு பேர் இல்லையா?” என்று கேட்டுவிட்டார்.

இளைஞரின் முகம் மாறியது. “அவரு வேற, சாமி” என்றார். உபதேசியாருக்கல்ல, நமக்கு.

நாள் குறித்தாயிற்று. எண்ணை மட்டும் எழுதாமல் விட்டு வைத்தோம். இந்தக் கட்டுரை அந்த வெற்றிடத்திலிருந்து பிறந்தது.

திருவாரூர் வழியாக வேளாங்கண்ணித் தாயின் திருத்தலத்திற்குப் போகும் நம்மவர் பலர் கீழ்வேளூரைக் கடந்துதான் போகிறார்கள். அங்கிருந்து சற்றே விலகி, வயல்களின் நடுவே இருக்கிறது கீழவெண்மணி. இன்று நாகப்பட்டினம் மாவட்டம். அன்று தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. காவிரியின் கடைமடை. நிலமெல்லாம் மிராசுதார்களுடையது. அதில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் சேரிகளில் வாழ்ந்த தலித் மக்கள். 1943-இல் பி. சீனிவாசராவ் இப்பகுதிக்கு வந்து விவசாயத் தொழிலாளரை ஒன்று திரட்டத் தொடங்கும்வரை சவுக்கடியும், சாணிப்பால் புகட்டுவதும் பண்ணையில் வழக்கமான தண்டனைகளாக இருந்தன. இத்தண்டனைகளை வழங்கியது எந்த நீதிமன்றமும் அன்று. பண்ணையாரே வழக்குத் தொடுப்பவர், அவரே சாட்சி, அவரே நீதிபதி. 1944-இல் ஏற்பட்ட மன்னார்குடி ஒப்பந்தமே அதற்கு முடிவு கட்டியது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1960-களில் நிலைமை வேறு விதமாக மாறியது. தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு நாட்டிலேயே முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் வந்தது, உரம் வந்தது, பல இடங்களில் இருபோகம் விளைந்தது. களத்தில் குவியும் நெல் உயர்ந்தது. அறுத்தவர்கள் தங்கள் பங்கையும் சற்று உயர்த்திக் கேட்டார்கள். கூடுதலாக அரைப்படி நெல் என்பதுதான் அந்தப் போராட்டத்தைப் பற்றி மக்கள் நினைவில் நிற்கும் சுருக்கம். நிலமுடையோர் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் கூடினார்கள். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவர். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்வது, செங்கொடியை இறக்கச் சொல்வது, இறக்காத சேரிக்கு அபராதம் விதிப்பது என்று பகை முற்றியது. வெண்மணி மக்கள் கொடியையும் இறக்கவில்லை, அபராதத்தையும் கட்டவில்லை.

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. அன்று மாலை உள்ளூர்த் தொழிலாளர் தலைவர் ஒருவரை நிலவுடைமையாளர் தரப்பு பிடித்து வைத்தது. தொழிலாளர் திரண்டு போய் அவரை மீட்டனர். தொடர்ந்த மோதலில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி பிள்ளை கொல்லப்பட்டார். இரவு பத்து மணியளவில் ஆயுதங்களோடு வந்த கூட்டம் சேரியைச் சூழ்ந்தது. ஓட முடிந்த ஆண்கள் ஓடினார்கள். முடியாதவர்கள் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிக் கொண்டார்கள். அக்குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. எரியும் வீட்டிலிருந்து வெளியே வீசப்பட்ட குழந்தை மீண்டும் உள்ளே வீசப்பட்டது என்பது உயிர் பிழைத்தோர் சொன்ன செய்தி. விடிந்தபோது 44 உயிர்கள் கரிக்கட்டைகளாகக் கிடந்தன: பெண்கள் 16 பேர், முதியவர்கள் 5 பேர், சிறுவர் சிறுமியர் 23 பேர். மாட்டுத் தொழுவத்தில் ஒரு குழந்தை பிறந்ததை நாம் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், அதே மாவட்டத்து மண்ணில் 23 பிள்ளைகள். மாசில்லாக் குழந்தைகளின் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள்கள் இருந்தன.

அந்த எண்ணிக்கையே முதலில் வழக்காயிற்று. அதிகாரிகள் 42 என்றார்கள். மக்கள் 44 என்றார்கள். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்த இரண்டு உயிர்களையும் கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது. நம்மிடம் வந்த இளைஞர் எண்ணைச் சொல்லிப் பூசை கேட்டதன் பொருள் இது தெரிந்த பிறகுதான் நமக்கு விளங்கியது. ‘வெண்மணியில் இறந்தோர்’ என்று பொதுவாக எழுதிக்கொள்ளலாமே என்ற எண்ணத்தை அப்போதே கைவிட்டோம்.

அப்போதைய முதலமைச்சர் அண்ணா கடும் நோயுற்றிருந்தார். அமைச்சர்களை அனுப்பி வைத்தார். அடுத்த பிப்ரவரியில் அவரே மறைந்துவிட்டார். கூலித் தகராறுகளை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எந்த அரைப்படிக்காகச் சண்டை மூண்டதோ அது நியாயமான கேள்விதான் என்பதை அரசே சட்டமாக எழுதி ஒப்புக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் நீதிமன்றத்தின் முன் அந்தக் கேள்வி இல்லை. அங்கே இருந்தவை இரண்டு குற்ற வழக்குகள். ஒன்று, பக்கிரிசாமி பிள்ளையைக் கொன்றதாகத் தொழிலாளர்கள் மீது. மற்றொன்று, குடிசையை எரித்ததாக மிராசுதார்கள் 23 பேர் மீது.

1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒருவர் உயிரிழந்த வழக்கில் தொழிலாளி ஒருவருக்கு ஆயுள் தண்டனை. வேறு சிலருக்கு அதனினும் குறைந்த சிறைத்தண்டனை. 44 பேர் உயிரிழந்த வழக்கில் 23 பேரில் 15 பேர் விடுதலை. கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். நாயுடுவுக்குப் பத்து ஆண்டுச் சிறை. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த எட்டுப் பேரையும் விடுவித்தது. அத்தீர்ப்பின் ஒரு பகுதி அன்று முதல் இன்றுவரை எடுத்துச் சொல்லப்படுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அனைவரும் மிராசுதார்கள். பெரும்பாலோர் திரண்ட நிலமுடைய செல்வர்கள். நாயுடுவிடம் மோட்டார் காரும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஏவலாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதாய் இல்லை. இதுவே அதன் சாரம். சட்டம் அறிந்தோர் வேறு காரணங்களையும் சுட்டுவர். சாட்சியங்களில் இருந்த முரண்பாடுகளைப் பற்றியும் பேசுவர். இருப்பினும், ஒருவன் நடந்து போவானா மாட்டானா என்பதை அவனிடம் உள்ள காரைக் கொண்டு அளந்ததை அந்த மக்கள் மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கும் வாயில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் கேட்ட ஓர் இங்கிலாந்து நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. 1381-ஆம் ஆண்டின் குடியானவர் எழுச்சி. அன்று அதற்கு ஒரு வாக்கியத்திற்கு மேல் இடமில்லை: கலகக்காரர்கள் காண்டர்பரிப் பேராயர் சைமன் சட்பரியைத் தலைவெட்டிக் கொன்றார்கள். தேர்வில் எழுத அது போதுமாயிருந்தது. பின்னர் விரிவாக வாசித்தபோதுதான் வெண்மணிக்கும் அதற்கும் உள்ள உறவு தெரிந்தது.

1348-49-இல் பெருங்கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. உழைக்கும் கைகள் குறைந்தன. எனவே கூலி ஏறியது. நிலமுடையோர் நிறைந்த நாடாளுமன்றம் 1351-இல் ஒரு சட்டம் இயற்றிற்று: கொள்ளைநோய்க்கு முன் இருந்த கூலிக்கு மேல் யாரும் வாங்கக்கூடாது. மேலே வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் நீதிபதிகளின் முன் நிறுத்தப்பட்டு அபராதம் கட்டினார்கள். கூடுதல் கூலி கேட்பது அங்கே எழுதப்பட்ட குற்றம். கீழத்தஞ்சையில் எழுதப்படாத குற்றம். வேறுபாடு அவ்வளவே. இதன்மேல் பிரான்சுடன் நடந்த போருக்காகத் தலைவரி வந்தது. 1377-இல் ஆளுக்கு நான்கு பென்னியாக இருந்தது 1380-இன் இறுதியில் பன்னிரண்டு பென்னியாக உயர்ந்தது. 1381 மே மாத இறுதியில் எசெக்ஸ் பகுதி மக்கள் வரி அதிகாரிகளை விரட்டினார்கள். ஜூன் 13 அன்று எசெக்ஸ், கெண்ட் மக்கள் இலண்டனுக்குள் நுழைந்தார்கள். அன்று என்ன நாள் தெரியுமா? கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா.

மறுநாள் பேராயரைக் கோட்டையின் சிற்றாலயத்திலிருந்து இழுத்து வந்து டவர் குன்றில் தலை வெட்டினார்கள். அவர் பேராயர் மட்டுமன்று. அரசின் தலைமை அமைச்சராகவும் இருந்தவர். தலைவரியின் பழி அவர்மேல் விழுந்தது. நாட்டின் தலைமை நீதிபதி ஜான் காவெண்டிஷும் அன்றே வேறோர் ஊரில் கொல்லப்பட்டார். அரசரின் சிற்றப்பாவுடைய சவோய் மாளிகையைக் கொளுத்தியபோது ‘நாங்கள் திருடர்கள் அல்லர்’ என்று அறிவித்து, வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்தவனைத் தங்கள் கையாலேயே நெருப்பில் தள்ளியதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு நேர்மை பேசிய அதே கூட்டம், ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர் முதலியோர் ஏறத்தாழ 35 பேரை வெளியே இழுத்து வெட்டியது. அவர்கள் செய்த குற்றம், வேறு மொழி பேசியது. ஏழைகளின் எழுச்சியை அன்போடு எழுதுவோர் பலர் இப்பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவதைக் கண்டிருக்கிறோம். அதில் நமக்கு உடன்பாடில்லை. அந்த 35 பேருக்கும் பெற்றோர் இருந்தனர்.

இனி, ஜான் பால். (பெயரைக் கேட்டதும் திருத்தந்தையர் நினைவுக்கு வரலாம், இவர் அவர்களில் ஒருவரல்லர். ஒரு சாதாரணக் குரு.) ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும் மக்களைக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தி, ஆதாமும் ஏவாளும் உழைத்து உண்ட காலத்தில் உயர்குடி என்று ஒன்று இருந்ததா என்ற கருத்தில் மறையுரை ஆற்றியவர். அதற்காகப் பலமுறை சிறைப்பட்டவர், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 1381-இல் அவரைச் சிறையில் அடைத்திருந்தவர் பேராயர் சட்பரியே. மக்கள் சிறையை உடைத்து அவரை விடுவித்தனர். எழுச்சி அடங்கியபின் அவர் பிடிபட்டு, ஜூலை 15 அன்று புனித ஆல்பன்ஸ் நகரில், பதினான்கு வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டின் கண்ணெதிரே தூக்கிலிடப்பட்டு நான்கு கூறாக்கப்பட்டார். இதில் ஒரு சிறு செய்தி உண்டு. தண்டனை இரண்டு நாள் தள்ளிவைக்கப்பட்டது. காரணம், இலண்டன் ஆயர் வில்லியம் கோர்ட்னி. கலகக்காரராயினும் அவருடைய ஆன்மா மனம் வருந்துவதற்குக் காலம் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினார். ஆயர் நிறைந்த அந்த நாட்டில், வாக்குமூலத்திற்கு அப்பால் ஓர் ஆன்மாவைப் பற்றி நினைத்த ஒருவராவது இருந்தார். (நார்விச் ஆயர் டெஸ்பென்சரோ வாளெடுத்துக் கிளம்பிக் கலகக்காரரைப் படையோடு அடக்கிக் கொண்டிருந்தார்.)

புனித ஆல்பன்ஸ் மடத்தில் நடந்ததையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்மடத்தின் குடிகள் தம் தானியத்தை மடத்து ஆலையில்தான் கட்டணம் கொடுத்து அரைக்க வேண்டும். வீட்டில் கையாற்றும் திரிகை வைத்திருப்பது தடை. 1331-இல் அப்போதைய மடாதிபதி வீடு வீடாகத் திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்தின் வரவேற்புக் கூடத்திற்குத் தளமாகப் பதித்துவிட்டார். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கற்களின்மேல்தான் குடிகள் நின்று தங்கள் குறைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. 1381 ஜூனில் மக்கள் உள்ளே புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள்; கற்களை உடைத்து, ஞாயிறுதோறும் கோவிலில் கொடுக்கும் மந்திரித்த ரொட்டியைப் பங்கிடுவது போல் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இதை எழுதி வைத்தவர் அம்மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம். அவர் கலகத்தை வெறுத்தவர், பழித்து எழுதியவர். ஆனாலும் அவர் கைக்கு வந்த உவமை மந்திரித்த ரொட்டி. பாட்டன் வீட்டுத் திரிகையின் துண்டைக் கையில் வாங்கியவனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பிறகு வழக்குகள். ஜூன் 14 அன்று ‘அடிமைத்தளை நீங்கிற்று’ என்று அரசர் எழுதிக் கொடுத்த பட்டயங்கள் ஜூலை 2-ஆம் நாள் செல்லாதவை ஆக்கப்பட்டன. கொல்லப்பட்ட தலைமை நீதிபதியின் இடத்திற்கு வந்த இராபர்ட் ட்ரசிலியன் ஊர் ஊராகப் போய் நீதிமன்றம் நடத்தினார். புனித ஆல்பன்ஸில் கூட்டப்பட்ட உள்ளூர் நடுவர் குழு முதலில் யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தது. அவர் அச்சுறுத்திப் பெயர்களைப் பெற்றார். கற்களைப் பெயர்த்த மக்களின் தலைவர் வில்லியம் கிரிண்டகோப் தூக்கிலிடப்பட்டார். இத்தகைய விசாரணைகளின் சுருள்கள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. இன்ன ஊர், இன்ன தொழில், இன்ன பெயர் உடையவன், இன்ன நாளில், இன்னார் வீட்டில் புகுந்து, இவ்வளவு மதிப்புள்ள பொருளை அழித்தான் என்று துல்லியமாக எழுதுகின்றன. அண்டை வீட்டானோடு பழைய பகை உள்ளவர்களும் இந்தச் சந்தடியில் பெயர்களைச் செருகிவிட்டார்கள் என்று ஆய்வாளர் காட்டுகின்றனர். அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு வழங்கியபோதும் 287 பேரைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. ட்ரசிலியன்? அரசியல் காற்று மாறி, 1388-இல் அவரே தூக்கு மரம் ஏறினார்.

இச்சுருள்களை வைத்துத்தான் அந்த எழுச்சியில் யார் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. அதாவது, அவ்வேழைகள் பெயரோடு வரலாற்றில் நுழைந்த ஒரே வாசல் குற்றப்பத்திரிகை. முப்பது ஆண்டுக் கூலிச் சட்டத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தளமாகப் பதித்த திரிகைக் கற்களுக்கு முதல் தகவல் அறிக்கை இல்லை. நீதிமன்றத்தின் கடிகாரம் கல்லைப் பெயர்த்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. கல் பதிக்கப்பட்ட நாளிலிருந்து அன்று. வெண்மணியிலும் அப்படியே. மாலையில் நிகழ்ந்த சாவுக்கும் இரவில் நிகழ்ந்த சாவுகளுக்கும் வழக்கு இருந்தது. அபராதம் விதித்ததற்கும் ஒரு மனிதரைப் பிடித்து வைத்ததற்கும் முந்தைய கால் நூற்றாண்டின் சாணிப்பாலுக்கும் வழக்கு இல்லை. சட்டம் அப்படித்தான் இயங்க முடியும் என்பர் வழக்கறிஞர்கள். நாமும் அதை மறுக்கவில்லை. செயலுக்குத்தான் தண்டனை, சூழலுக்கு இல்லை. ஆனால் சட்டத்தின் அந்தக் குறுகிய கண்ணை நாமும் அணிந்துகொண்டு, ‘கலவரம்’ என்ற ஒரு சொல்லோடு செய்தித்தாளை மடித்து வைக்கும்போது, நம்மிடம் யாக்கோபின் திருமுகம் இருப்பதை மறந்துவிடுகிறோம். அதன் ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தோருக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே எழுந்து முறையிடுகிறது. அம்முறையீடு ஆண்டவரின் செவியில் விழுந்தும் விட்டது.

நம் பகுதிக்கு இது பழங்கதை அன்று. ஸ்ரீபெரும்புதூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அளித்த அறிக்கையின் பயனாகவே 1892-இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோம். அதில் பெரும்பகுதி காலப்போக்கில் பிறர் கைக்குப் போயிற்று. அந்த நிலங்களைக் கேட்டு, மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்கள் 1994-இல் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தனர். நூறாண்டாக மனுக்கள் நகர்ந்த வேகத்தையும் அன்று துப்பாக்கி நகர்ந்த வேகத்தையும் வாசகரே ஒப்பிட்டுக் கொள்ளட்டும்.

வயல் தொழிற்சாலை ஆனபின் வழக்கின் சாயல் மட்டும் மாறவில்லை. 2012 ஜூலை 18 அன்று அரியானாவின் மானேசரில் மாருதி கார்த் தொழிற்சாலையில் நடந்த கலவரத்தில் மனிதவள அதிகாரி அவ்னிஷ் குமார் தேவ் உயிரிழந்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது. தொழிலாளரோடு பரிவாக இருந்தவர் என்றும் சொல்வார்கள். கொடுமைதான். 148 தொழிலாளர் சிறை வைக்கப்பட்டனர். பலர் ஆண்டுக்கணக்கில் பிணையின்றிக் கிடந்தனர். 2017 மார்ச்சில் கீழமை நீதிமன்றம் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வேறு 18 பேரையும் குற்றவாளிகள் என்றது. 117 பேரை விடுதலை செய்தது. அந்த 117 பேர் இழந்த ஆண்டுகளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? நம் பங்கில் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அநேகர். இச்செய்தியை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

மறுபடியும் அந்த எண்ணுக்கு வருவோம். 45 என்று எழுதினால் என்ன? இறந்தபின் எல்லாரும் ஆன்மாக்கள்தாமே என்று சொல்வது எளிது. குருக்களாகிய நமக்கு அது நாவில் பழகிய வாக்கியம். ஆனால் குடிசைக்குள் பூட்டப்பட்டு எரிந்த பிள்ளைகளையும், மோதலில் விழுந்த மனிதரையும் ஒரே எண்ணாகக் கூட்டினால், யார் யாரை என்ன செய்தார்கள் என்பது அந்தக் கூட்டலில் கரைந்துபோகும். நாபோத்தின் வழக்கில் பொய்ச்சாட்சிகள் செய்தது அதுதான்: திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய பேச்சே எழாமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்விளைஞர் முகம் மாறியதில் நியாயம் உண்டு.

அப்படியானால் 44 என்று எழுதி நிறுத்திவிடலாமா? அங்கும் நம் மனம் ஒப்பவில்லை. பக்கிரிசாமி பிள்ளை பெருநிலக்கிழார் அல்லர்; நாயுடுவின் கார் அவருடையதன்று. பிறர் பகையின் முன்வரிசையில் நின்று விழுந்தவர். 44 பேரின் வழக்கை மேல்முறையீட்டில் ஒன்றுமில்லாமல் ஆக்கிய உலகத்திற்கு எதிராக அவருடைய சாவை நாம் ஒன்றுமில்லாமல் ஆக்கினால், கணக்கு நேராகிவிடுமா? 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடுவும் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று பலர் நீதி கிடைத்தது என்றார்கள். அவர்களுடைய வேதனையை நாம் அறிவோம்; அச்சொல்லை மட்டும் நம்மால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. வெண்மணியைக் கேள்வியுற்று அங்கே போய்த் தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் வேறு வழியைத் தேர்ந்தார்கள். 1981-இல் ‘லாப்டி’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, நிலமுடையோரிடம் பேசி, விலைக்கு வாங்கியேனும், உழுதவர்களின் பெண்கள் பெயரில் நிலத்தைப் பதிந்து கொடுத்தார்கள். சினத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. சினத்திற்குக் காரணமான வயலை அதன் உழைப்பாளியிடம் சேர்த்தார்கள். சர்வோதயத் தொண்டர்கள் அவர்கள். அந்த இடத்திற்கு நம்மவர் முதலில் போயிருக்கலாமே என்ற கூச்சம் நமக்கு உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 25-இல் வெண்மணி நினைவிடத்திற்குச் செங்கொடி ஏந்தி ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அதே நாளில் நாம் படித்த எந்த மன்றாட்டிலும் அவ்வூரின் பெயர் இருந்ததாக நமக்கு நினைவில்லை.

பேராயர் சட்பரியின் தலை அவருடைய சொந்த ஊர்க் கோவிலில், உடல் காண்டர்பரியில். ஜான் பாலின் உடல் நான்கு துண்டாக நான்கு ஊர்களில். இருவரும் ஒரே குருத்துவத்தைப் பெற்றவர்கள். ஒருவர் மற்றவரைச் சிறையிட்டவர். மற்றவரின் ஆட்கள் இவரைக் கொன்றவர்கள். ஒருவருக்கு நினைவுக் கல்லறை கிடைத்தது. மற்றவருக்காக எந்தக் கோவிலிலாவது அன்று ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்குமா? இரண்டு நாள் தவணை வாங்கிய ஆயர் கோர்ட்னியாவது தனிமையில் அவருக்காகப் பூசை வைத்திருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கொரு ஆறுதல்.

பெருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவ்விளைஞர் காணிக்கையோடு மீண்டும் வந்தார். பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தோம். டிசம்பர் 25, மாலைத் திருப்பலி என்பதற்கு எதிரே, ‘கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேர்’ என்று எழுதியிருந்தது. ‘எரித்துக் கொல்லப்பட்ட’ என்ற சொற்கள் வேண்டுமா என்று உபதேசியார் கேட்டிருந்தார்; வேண்டும் என்றோம். அதற்கு அடுத்த வரி, டிசம்பர் 26, காலைத் திருப்பலி. கல்லெறியுண்டு இறந்த புனித ஸ்தேவானின் திருநாள். எதிரே ‘பக்கிரிசாமி பிள்ளை’ என்று நம் கையெழுத்தில் இருந்தது.

இளைஞர் இரண்டு வரிகளையும் படித்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ரெண்டாவதுக்கு நான் காசு குடுக்க மாட்டேன் சாமி” என்றார்.

“உங்களிடம் கேட்கவில்லை தம்பி. அது எங்கள் பூசை” என்றோம்.

உபதேசியார் முதல் வரிக்கு எதிரே காணிக்கைத் தொகையைக் குறித்து, இரண்டாவதற்கு எதிரே ஒரு சிறு கோடு இழுத்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். இளைஞருக்கு இரவு ஷிப்டு. கம்பெனிப் பேருந்து வந்துவிடும் என்று புறப்பட்டார்.